ஓட்டை போடத் தகுதி பெற்றவர்

பசுமைக் கட்டடக் கழகத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது. இருக்கிறது என்று நினைப்பவர்கள் இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் நினைத்துக்கொள்ளட்டும். நான் பேட்டரி விற்கிறவன். எனக்குக் கட்டடமும் தெரியாது, பசுமையும் தெரியாது. என் கடைக்கும் பக்கத்துத் தையல் கூடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர் என்பதால், அங்கே யாராவது மயங்கி விழுந்தால் எனக்குச் சத்தம் கேட்கும். போன வருஷம் மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் விழுந்தது ஒரே ஆள்.

அவரை எல்லோரும் காஜாக்கா என்பார்கள். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். அதைக் கையாலேயே எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கூடத்தை நடத்துகிற டெய்லரம்மாவுக்கு அவர் நாத்தனார். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவர், ஒரு நாள்கூடச் சும்மா உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று ஊசியை எடுத்தார். நெஞ்சு பலவீனம். மூன்றாம் தடவை விழுந்தபோது டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு காத்து வர்ற இடத்துல உட்காருங்க, இல்ல வேலைய விடுங்க. இந்த நெஞ்சு இன்னொரு கோடையை அந்த ரூமுக்குள்ள தாங்காது."

வேலையை விடச் சொன்னதும் காஜாக்கா டாக்டரிடம் பேசுவதையே விட்டுவிட்டார். எனவே மிச்சம் இருந்தது காற்று.

கூடம் முப்பதடி நீளம், பன்னிரண்டடி அகலம். மேலே தகரம். உள்ளே ஒன்பது மிஷின், இரண்டு இஸ்திரிப் பெட்டி, ஒரு வெட்டு மேசை, பள்ளிச் சீருடைத் துணி மலைமலையாக. தெருப்பக்கம் ஒரே ஒரு கதவு. ஒரு பக்கச் சுவர் என்னுடையது, மறுபக்கம் ஒரு கிடங்கு. பின்சுவரில் ஒன்றுமே இல்லை, வெறும் செங்கல். அந்தச் சுவருக்குப் பின்னால் காலி மனை. அங்கே நாள் முழுவதும் காற்று அடிக்கும், புல்லை ஆட்டிவிட்டுப் போகும்.

"பின்னாடி ஒரு ஜன்னல் வெச்சுட்டா போதும் அண்ணி" என்றார் காஜாக்கா.

இடத்துக்காரரும் சரி என்றார். அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இரண்டு தெரு தள்ளி இருந்த அச்சகக்காரரின் கதையைச் சொன்னேன். அவர் யாரையும் கேட்காமல் சுவரில் ஓட்டை போட்டார், மறுநாள் அச்சகத்துக்கு முத்திரை வைத்தார்கள். பணியிடத்துச் சுவரில் திறப்பு ஏற்படுத்துவதற்குக் கழகத்தின் பதிவேட்டில் உள்ள தகுதி பெற்ற வல்லுநர் ஒருவரை அமர்த்தி, படிவத்தில் அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். தகுதி பெற்ற வல்லுநர் முன்னிலையில் இல்லாமல் சுவரை உடைத்தால் இடத்தை மூடிவிடுவார்கள். மூடினால் ஒன்பது பெண்களும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"அவ்வளவுதானே, ஒரு வல்லுநரைப் பிடிச்சுட்டு வந்துடலாம்" என்றார் டெய்லரம்மா. அவரால் ஒருவரைப் பார்த்தே சட்டை அளவு சொல்ல முடியும். ஆனால் கழகத்தை அதுவரை பார்த்ததில்லை.

துணைக்கு நானும் போனேன். கழகத்தின் அலுவலகம் பதினோரு மாடிக் கண்ணாடிக் கட்டடம். வாசலிலேயே ஒரு பலகை: இக்கட்டடம் உயர்ந்த தரமான மரகதத் தகுதி பெற்றது, தகுதி வழங்கியது பசுமைக் கட்டடக் கழகம். உள்ளே குளிர் எலும்பைக் குடைந்தது. டெய்லரம்மா இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, ஏதாவது ஜன்னலைத் திறந்தால் கொஞ்சம் வெயிலாவது வரும் என்று தேடினார்.

"திறக்காதும்மா" என்றார் பதிவேட்டு அதிகாரி. "மரகதக் கட்டடம். இதுல திறக்கற மாதிரி எதுவுமே வெக்கலை."

அவர் எங்கள் மனுவைக் கையில் எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். இரண்டு நிமிஷம் ஆனதும் அறையில் எல்லா விளக்கும் அணைந்தது. தலையைத் தூக்காமலே அவர் வலது கையை உயர்த்தி ஆட்டினார். விளக்கு எரிந்தது. அடுத்த அறையில் யாரோ கையை ஆட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அதற்கடுத்த அறையில் இருந்தவர் இரண்டு கையையும் ஆட்டினார். அவர் மேலதிகாரியாம்.

"மின்சாரச் சிக்கனம்" என்று அதிகாரி விளக்கினார். "ஆள் அசைஞ்சாதான் விளக்கு எரியும். அசையலேன்னா அங்க வேலை நடக்கலைன்னு கருவி எடுத்துக்கும்."

"அடிக்கடி அணையுமாங்க?" என்று கேட்டேன்.

"நாள் பூரா" என்றார் அவர் பெருமையாக.

பிறகு பதிவேட்டை எடுத்து வைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு வல்லுநர்கள். அவர்களில் இளம்பச்சை, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, கரும்பச்சை, மரகதம் என்று ஐந்து தரம்.

"நூல்கண்டு கடையிலகூட இத்தனை பச்சை இல்லைங்களே. எங்க ஜன்னலுக்கு எந்தப் பச்சை வேணும்?" என்றார் டெய்லரம்மா.

"சுவர்னா பாசிப்பச்சை. சுவர்ல போடற ஓட்டை கரும்பச்சை. வெளியில இருக்கற காத்து எங்க வரம்புல வராது."

"ஓட்டை வழியா உள்ள வந்துட்டா?"

"வந்த பிறகு மரகதம். நீங்க ஒண்ணு பண்ணுங்க, நேரா மரகதத்தையே பிடிங்க. மேல இருக்கறவர் கீழ இருக்கற எல்லாத்துக்கும் கையெழுத்துப் போடலாம்."

"நீங்களே ஒருத்தரை அனுப்பக் கூடாதுங்களா?"

அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அமர்த்தறது உங்க பொறுப்பும்மா. தகுதி மட்டும்தான் எங்க பொறுப்பு. நாங்க ஒருத்தரை அனுப்பி, அவர் வந்து வேலை செஞ்சு, அது சரியில்லாம போச்சுன்னா, அவர் தகுதிக்கு என்ன மரியாதை?"

மறுநாளிலிருந்து டெய்லரம்மா ஃபோனும் கையுமாக உட்கார்ந்தார். பட்டியலை மேலிருந்து பிடித்தார். எடுத்தவர்கள் எல்லோருமே குசுகுசுவென்று பேசினார்கள். ஏதாவது துக்க வீட்டில் இருக்கிறார்களோ என்று முதலில் பயந்துபோனோம். அப்புறம்தான் தெரிந்தது, அத்தனை பேரும் உரையில் இருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். கழகத்து வல்லுநர் ஒவ்வொருவரும் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ள வருஷத்துக்கு ஆயிரத்து நானூறு கற்றல் மணி சேர்க்க வேண்டும். உரை கேட்டால்தான் மணி. உரை காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. உரை நிகழ்த்துவது யார் என்றால், வேறு யார், அதே வல்லுநர்கள்தான். இன்றைக்கு இவர் பேச நானூற்றுப் பதினோரு பேர் கேட்பார்கள். நாளைக்கு அவர் பேச இவர் கேட்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால், விடுமுறை நாள் போக, ஒருவர் வருஷத்தில் ஒரு வாரம் வேலைக்குப் போனாலும் தகுதி போய்விடும். ஆகவே ஒருவரும் போவதில்லை. தகுதி அப்படியே பத்திரமாக இருக்கிறது.

மரகதத் தரத்தில் ஒருவர் மட்டும் நின்று பேசினார். அவர் குரலில் ஈரம் இருந்தது.

"வேலைக்கா? என்னையாம்மா கூப்பிடறீங்க?"

"ஆமாங்க. ஒரு சின்ன ஜன்னல்தான்."

"பதினோரு வருஷமா தகுதியோட இருக்கேன். இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டா என்ன பண்ணணும்னு வர்ற மாசம் ஒரு உரை இருக்கு. அதைக் கேட்டுட்டுச் சொல்றேனே."

அதற்குப் பிறகு அவர் ஃபோனை எடுக்கவே இல்லை. உரை நன்றாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொருவர் உரை அரங்கின் கழிவறையிலிருந்து வீடியோவில் வந்தார். சுவரைக் காட்டச் சொன்னார். டெய்லரம்மா ஃபோனைப் பிடித்துக்கொண்டு பின்சுவரை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை காட்டினார். காஜாக்காவும் பக்கத்தில் நின்றார், தன்னைப் பார்த்தாவது மனம் இளகட்டும் என்று.

"அருமையான சுவர்" என்றார் வல்லுநர். "ஒரு கசிவு இல்லை, ஒரு இடுக்கு இல்லை. உள்ள இருக்கறது வெளியில போகாது, வெளியில இருக்கறது உள்ள வராது. இந்த மாதிரி சுவரைப் படத்துலதான் பார்த்திருக்கேன். இதுல போய் ஓட்டை போடச் சொல்றீங்களே, உங்களுக்கே இது நியாயமா?"

"உள்ள நாங்க இருக்கோங்க" என்றார் காஜாக்கா.

"அது சுவரோட குறை இல்லையே" என்றார் அவர். தண்ணீர் இழுத்துவிடும் சத்தத்தோடு அழைப்பு முடிந்தது.

இப்படியே மழைக்காலம் போனது, பனிக்காலம் போனது. டெய்லரம்மா பட்டியலின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். அங்கே ஒரு பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 'நீக்கப்பட்டவர்' என்று எழுதியிருந்தது. கோட்டுக்கு அடியில் ஃபோன் நம்பர் தெரிந்தது. போனால் போகிறது என்று அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தார்கள். குரல் குசுகுசுக்கவில்லை. பின்னால் செங்கல் இறக்குகிற சத்தம் கேட்டது.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் நீக்கப்பட்டவர். கைகால் எல்லாம் சிமென்ட் தூசி. அளவுநாடாவைக்கூட முதலில் எடுக்கவில்லை. தரையில் கிடந்த ஒரு நூலை எடுத்து, வாசலில் நின்று அதைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அப்படியே நடந்து நடந்து பின்சுவர் வரை வந்தார். வாசலில் ஆடிய நூல் மூன்றாவது மிஷினைத் தாண்டியதும் செத்தாற்போல் தொங்கியது.

"காத்து உள்ள வரப் பாக்குது, வெளிய போக வழியில்லை. வழி இல்லாத இடத்துக்கு அது எதுக்கு வரும்?" என்றார். "பின்சுவர்ல நெஞ்சு உயரத்துல மூணுக்கு நாலு ஒரு ஜன்னல். காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் நீங்க காத்துல உக்காந்து தைக்கலாம். வெளிப்பக்கம் இடம் குறிச்சு வெச்சுட்டுப் போறேன்."

டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை எதுக்குங்க நீக்கினாங்க?"

அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஓர் ஆஸ்பத்திரிக்குக் காற்றோட்டமான பிரசவ வார்டு கட்டிக்கொடுக்க இரண்டு வருஷம் போயிருக்கிறது. அந்த இரண்டு வருஷமும் அவர் எந்த உரைக்கும் போகவில்லை. 'தாங்கள் கட்டடங்களில் செலவிட்ட நேரம் கட்டடம் பற்றிய கற்றலாகக் கருதப்பட இயலாது' என்று கடிதம் சொன்னது. கீழே தலைவர் கையெழுத்து.

அந்தக் கடிதத்தோடு, கடிதத்துக்கு உரியவரையும் காஜாக்காவையும் அழைத்துக்கொண்டு டெய்லரம்மா நேரே தலைவரிடம் போனார். நானும் போனேன், எனக்கு அன்றைக்கு வியாபாரம் இல்லை. தலைவர் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் செடிகள் வளர்ந்திருந்தன. அவற்றுக்குத் தனியாக ஓர் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் பேசும்போது கைகளை வீசி வீசிப் பேசினார். மற்றவர்களைப் போல நடுநடுவே ஆட்ட வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை. அதனால்தான் தலைவர் ஆக்கினார்களோ என்னவோ.

"ரெண்டு வருஷம் கட்டடத்துலயே இருந்திருக்கார்" என்று அவர் நீக்கப்பட்டவரைக் காட்டினார். "அப்ப எப்ப கத்துக்கிட்டார்?"

"கட்டும்போதுதான் சார்" என்றார் நீக்கப்பட்டவர்.

"பாத்தீங்களா. அதை யார் அளக்கறது? உரைன்னா வருகைப் பதிவு இருக்கு. யார் வந்தாங்க, எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்க, எல்லாம் எழுத்துல இருக்கும். நீங்க கட்டினதுக்கு என்ன ஆதாரம்?"

"கட்டடம் இருக்கு சார்."

"கட்டடத்தை ஃபைல்ல வெக்க முடியாதே" என்றார் தலைவர் அன்பாக. பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "அம்மா, பதினஞ்சு வருஷமா இந்தக் கழகம் நடக்குது. நானூத்திப் பன்னிரண்டு பேர் எங்க பதிவேட்டுல இருக்காங்க. ஒருத்தர் மேல ஒரு புகார் உண்டா? ஒரு சுவர் விரிசல் விட்டதுன்னு ஒரு கடுதாசி உண்டா? உலகத்துல எந்தக் கழகமும் இப்படிச் சொல்லிக்க முடியாது. ஏன்னா எங்க ஆளுங்க அவசரப்பட்டு எதுலயும் கை வெக்கறதில்லை. வேலை செய்யறவனுக்குக் கொஞ்ச நாள்ல ஒரு துணிச்சல் வந்துடும்மா. நூலைத் தொங்கவிட்டுப் பாக்கறேன்னு கிளம்பிடுவான். அந்தத் துணிச்சல் வந்துட்டா தகுதி போச்சு."

 காஜாக்கா வேறு யோசனையில் இருந்தார்.

"சார், ஜன்னல் வர்ற வரைக்கும் இங்க ஒரு மூலையில உக்காந்து காஜா எடுத்துட்டுப் போகட்டுங்களா? இங்க நல்லா சில்லுனு இருக்கு."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அது நகைச்சுவை இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆனால் சிரித்த சிரிப்பில் அவருக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. நேரடித் தலக் கற்றல். வல்லுநர்கள் நாற்பது பேரைக் கழகமே பேருந்து வைத்து எங்கள் தையல் கூடத்துக்கு அழைத்து வரும். அங்கேயே ஒரு நாள் உரை. ஆளுக்கு ஆறு கற்றல் மணி.

"நீங்க ஒரு வல்லுநர் கேட்டீங்க" என்றார் தலைவர். "நான் நாப்பது பேரைத் தர்றேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் டெய்லரம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது பேரில் ஒருவர் கையெழுத்துப் போட மாட்டாரா? படிவத்தை எடுத்து இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டார்.  கழகத்து நிகழ்ச்சிகளில் நீக்கப்பட்டவர் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை இருந்தது. "பின்னாடி காலி மனையில நிக்கறேன்" என்றார். "கையெழுத்து விழுந்ததும் ஒரு குரல் குடுங்க, ஆரம்பிச்சுடறேன்."

உரை நாள் வருவதற்குள் கோடையும் வந்துவிட்டது. தகரம் காலை ஒன்பது மணிக்கே தொட முடியாதபடி இருந்தது. மிஷின்களை என் சுவர் ஓரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். நாற்பது மடக்கு நாற்காலி உள்ளே வந்தது. திரையில் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று, இருந்த ஒரே கதவையும் சாத்தி, சீருடைக்கு வைத்திருந்த கருநீலத் துணியை அதன் மேல் தொங்கவிட்டார்கள். படக்கருவியை மாட்டியதும் மின்சாரம் போய்விட்டது. படக்கருவிக்கும் மின்விசிறிகளுக்கும் என் கடையிலிருந்து இரண்டு பேட்டரி கொண்டுவந்து கொடுத்தேன், அதனால்தான் நானும் உள்ளே இருந்தேன். மின்விசிறிச் சத்தத்தில் உரை காதில் விழவில்லை என்று அவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். நான்தான் நிறுத்தினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

பத்து மணிக்கு உரை தொடங்கியது. தலைப்பு: 'திறப்பு, ஒரு கோட்பாட்டு அறிமுகம்'. முதல் படத்தில் ஒரு ஜன்னல். இரண்டாவது படத்தில் அதே ஜன்னல், வெளியிலிருந்து. வல்லுநர்கள் குறிப்பெடுத்தார்கள். தலைவர் ஒரு கையால் திரையைக் காட்டிக்கொண்டு மறு கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காஜாக்காவைப் 'பயனாளி' என்று அறிமுகப்படுத்தி, பின்சுவர் ஓரமாக எல்லோரும் பார்க்கும்படி ஒரு முக்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் மடியில் ஒரு சட்டை இருந்தது. சும்மா உட்காரக் கூச்சப்பட்டு இருட்டிலேயே காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

டெய்லரம்மா படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொருவர் முன்பும் குனிந்து கேட்டார். ஒவ்வொருவரும் அழகாகத் தலையாட்டி மறுத்தார்கள். நாலாவது வரிசையில் ஓர் இளம்பெண், நல்ல மனசுதான், காரணத்தைச் சொன்னாள்.

"அக்கா, நான் இன்னைக்குக் கேட்க வந்திருக்கேன். கையெழுத்துப் போட்டா வேலைக்கு வந்ததா ஆயிடும். வேலைக்கு வந்தவங்களுக்கு மணி கிடையாதுக்கா."

"ஒரு கையெழுத்துதானேம்மா. அங்க உக்காந்திருக்காளே, அவளைப் பாரு."

"பாக்கறேன்க்கா. நாங்க எல்லாரும் பாக்கறதுக்குத்தான் வந்திருக்கோம்."

நாற்பதாவது ஆளும் மறுத்து முடித்த அதே நேரத்தில், பதிவேட்டு அதிகாரி வருகைப் பதிவுத் தாளைச் சுற்றுக்கு விட்டார். 'கீழே கையெழுத்திட்டுள்ள தகுதி பெற்ற வல்லுநர்களாகிய நாங்கள், காலை பத்து முதல் மாலை நான்கு வரை இவ்விடத்தில் முழுமையாக இருந்தோம்' என்று மேலே அச்சடித்திருந்தது. உரை முடியட்டும் என்றுகூட யாரும் காத்திருக்கவில்லை. நாற்பது பேரும் பேனாவைத் திறந்து பாய்ந்து பாய்ந்து போட்டார்கள். ஒருவர் பேனா ஓடவில்லை என்று டெய்லரம்மாவிடமே கடன் வாங்கிப் போட்டார்.

காஜாக்கா விழுந்தபோது அதிகச் சத்தம் வரவில்லை. முக்காலி மட்டும் சாய்ந்தது.

வரிசைகளைத் தாண்டி டெய்லரம்மா எப்படிப் போனார் என்று எனக்குத் தெரியாது. நாற்காலிகள் உருண்டன. அவர் நாத்தனாரின் தலையை மடியில் எடுத்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கதவுப் பக்கம் நாற்பது பேர் அடைத்துக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றுவிட்டதால் இன்னும் மோசம்.

"யாரும் பதற வேண்டாம்" என்றார் தலைவர். "வெப்பத்தால் வரும் விளைவுகள் அடுத்த பகுதியில வருது."

டெய்லரம்மா வெட்டு மேசையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். தலைவரை அடிக்கத்தான் எடுத்தார் என்று நான் நினைத்தேன், சந்தோஷப்பட்டேன் என்றும் ஒப்புக்கொள்கிறேன். அவர் அதைக் கொண்டு பின்சுவரில் ஓங்கி ஓங்கி இடித்தார்.

"உடைங்க. எனக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். உடைங்க."

வெளியிலிருந்து, "எல்லாரும் சுவரை விட்டுத் தள்ளுங்க" என்று குரல் வந்தது. நானும் இரண்டு தையல்காரப் பெண்களும் காஜாக்காவைத் தூக்கி வெட்டு மேசையில் கிடத்தினோம். முதல் அடியில் தூசி பறந்தது. நாலாவது அடியில் ஒரு செங்கல் உள்ளே விழுந்தது. அதற்கப்புறம் மளமளவென்று விழுந்தன. காற்று திபுதிபுவென்று உள்ளே வந்து, கருநீலத் துணியைத் தூக்கி, திரையைச் சாய்த்து, குறிப்புத் தாள்களையெல்லாம் தெருப்பக்கம் துரத்தியது.

அடுத்த நிமிஷம் நாற்பது வல்லுநர்களும் அந்த ஓட்டைமேல் விழுந்தார்கள். முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவர் தலைவர். நெஞ்சுவரை உடம்பை வெளியே நீட்டி, வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் தோள்மேல் ஒருவர். நீக்கப்பட்டவர் வெளியே சம்மட்டியோடு நின்று தலைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் அந்த நிலையிலேயே அதிகாரிக்குச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். "எழுதிக்கோங்க. அனுமதியில்லாத திறப்பு. அளவு மூணுக்கு நாலு இருக்கும். காத்து ரொம்ப நல்லா வருது. அந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சுடுங்க."

டெய்லரம்மா அவர்களைச் சட்டைக் காலரைப் பிடித்து ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். தலைவரின் காலர் அளவு பதினாறரை என்று பிறகு என்னிடம் சொன்னார். வழி கிடைத்ததும் காற்று மேசைவரை வந்தது. கொஞ்ச நேரத்தில் காஜாக்கா கண்ணைத் திறந்தார்.

"யாரு அண்ணி இவங்கல்லாம்?"

"நாம தேடிட்டு இருந்தோமே, அவங்கதான்."

காஜாக்கா அவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் இருந்தார். பிழைத்துவிட்டார். டாக்டர் என்ன சொன்னாலும் கேட்காமல் பதினெட்டாம் நாள் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். முன்னைப் போல நாளெல்லாம் தைக்க முடிவதில்லை, மத்தியானத்துக்கு மேல் விரல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்துக்குப் பதிவேட்டில் உள்ள யாரும் பொறுப்பில்லை.

முத்திரை வைக்க ஆள் வரும் என்று தினமும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. தகுதி பெற்ற வல்லுநர் முன்னிலையில் இல்லாமல் சுவரை உடைத்தால்தான் முத்திரை. இங்கே காலை பத்திலிருந்து மாலை நாலு வரை நாற்பது பேர் முன்னிலையில் இருந்ததாக அவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுவர் உடைந்தது பதினொன்றரைக்கு. 'வல்லுநர்களாகிய நாங்கள் அந்த நேரத்தில் அங்கே இல்லை' என்று அவர்களில் யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்தாலும் போதும் என்று தலைவர் கெஞ்சிப் பார்த்தாராம். எழுதிக் கொடுத்தால் அந்த ஆறு கற்றல் மணியும் போய்விடும். ஒருவரும் எழுதித் தரவில்லை.

கடைசியில் ஒரு கடிதம்தான் வந்தது. 'மேற்படி திறப்பை உடனடியாக மூட வேண்டும். மூடுவதற்குப் பதிவேட்டில் உள்ள தகுதி பெற்ற வல்லுநர் ஒருவரை அமர்த்தி, உரிய படிவத்தில் அவர் கையொப்பத்துடன் விண்ணப்பிக்க வேண்டும். தகுதியற்றோரால் மூடப்பட்டால் பணியிடம் முத்திரையிடப்படும்.'

நான் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். டெய்லரம்மா முறைத்தார். சட்டப்படி நடக்க வேண்டும் என்றார். படிவத்தை முத்து முத்தாக நிரப்பினார், ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை. புகைப்படம் ஒட்டினார். மறுநாளே என்னையும் அழைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று பதிவேட்டு அதிகாரியின் மேசையில் வைத்தார்.

அதிகாரி படித்துப் பார்த்தார். அந்த நாளுக்குப் பிறகு அவருக்கு எங்களைக் கண்டால் கொஞ்சம் வெட்கம்.

"மூடறதுக்கு மரகதத்துலதான் ஆள் பிடிக்கணும்மா" என்றார். "கிடைக்கக் கொஞ்ச நாள் ஆகும்."

"ஆகட்டுங்க."

"அவசரம்னா தலைவருக்குத் தனியா ஒரு மனு எழுதிக் குடுங்க."

"ஐயோ, அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு. அவசரமே இல்லைங்க."

அதிகாரி படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்தார். "எவ்வளவு காலம் காத்திருக்கச் சம்மதம்னு ஒண்ணு கேக்குது. என்ன போடட்டும்?"

"என் நாத்தனாருக்கு இப்ப அம்பத்தொண்ணு" என்றார் டெய்லரம்மா. "அவ இருக்கற வரைக்கும்னு போடுங்க."

அதிகாரி அதை அப்படியே எழுதி, வரிசை எண் போட்டுக் கொடுத்தார்.